பிரசவம் பார்த்தவர் பெயர்

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரி டிரஸ்ட் செயலாளர் வந்து போனார். டீயில் சர்க்கரை தூக்கல் என்றார். பிறகு பிரசவ அறையை நிரந்தரமாக மூடப்போவதாகச் சொன்னார். இந்த வரிசையில்தான் சொன்னார்.

புதிதாக மூடுவதற்கு என்ன இருக்கிறது? டிசம்பரில் டாக்டர் கனகசபைக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்ததிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடக்கிறது. அவர் கீழே மகள் வீட்டோடு போய்விட்டார். இனி மலை ஏற மாட்டார். இந்த நீலப்பாறைக்கு வேறு டாக்டர் யாரும் வரத் தயாராக இல்லை. வலி எடுத்தவளை ஜீப்பில் ஏற்றி, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இறக்கி, ஒன்றரை மணி நேரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். நான் வாசலில் நின்று கையாட்டுகிறேன். அதற்கா பதினாறு வருடம் இங்கே கிடந்தேன்?

போகும்போதுதான் செயலாளர் ஒரு வழியும் சொன்னார். "புதுசா விதி வந்திருக்கு சிஸ்டர். பிரசவத்துக்குன்னு தனிப் பயிற்சி எடுத்த நர்ஸ் இருந்தா, சாதாரணப் பிரசவத்த டாக்டர் இல்லாமயே பாக்கலாமாம். ஆனா நர்ஸ் பேர்ல தனியா இன்சூரன்ஸ் இருக்கணும். ஏதாவது ஆகி கேஸ் வந்தா டிரஸ்ட் தாங்காது. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள வாங்கிட்டு வந்தீங்கன்னா அறையத் திறந்துரலாம்."

அந்தப் பயிற்சியை முப்பத்தெட்டு வயதில், சென்னையில் பதினெட்டு மாதம் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு முடித்தவள் நான். மாவட்டத்திலேயே மூன்று பேர்தான். ஆண்டவரே, ஒருவழியாக அதற்கும் ஒரு நாள் வந்தது!

இவரிடம் சொன்னேன். டீ ஃபாக்டரியிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஒனக்கு இன்சூரன்ஸா? ஒங்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கானே ஒருத்தன், அவனுக்கு ஒண்ணு எடுத்துக் குடு பிள்ள" என்றார். நல்ல மனநிலையில் இருந்ததால் தப்பித்தார்.

மார்ச் 5, புதன்

மூன்று கம்பெனிக்குப் போன் செய்தேன். மூவரும் ஒரே பாட்டு. "நர்ஸுக்குத் தனியா கிடையாது மேடம். நீங்க டாக்டர் கீழதானே வேலை பாக்கிறீங்க, டாக்டர் பாலிசிலயே வந்துருவீங்க." டாக்டரே இல்லையப்பா என்றால், "அப்ப நீங்க எப்படி மேடம் வேலை பாப்பீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

நான்காவது கம்பெனி தருவோம் என்றது. டாக்டர் கனகசபைக்குப் பாலிசி கொடுத்திருப்பதும் அதே கம்பெனிதான். விண்ணப்பம் அனுப்புகிறார்களாம்.

மார்ச் 6, வியாழன்

விடாத மழை. துவைத்த யூனிஃபார்ம் மூன்று நாளாக ஈரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டதில் எல்லாவற்றிலும் தாளித்த வாசனை.

மார்ச் 8, சனி

விண்ணப்பம் வந்தது. ஆறாவது பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் ஆப்பு. கடந்த ஐந்து வருடத்தில் விண்ணப்பதாரர் தன் பெயரில் பார்த்த பிரசவங்கள் ஐம்பதுக்குக் குறையக் கூடாது. பதிவேட்டு நகல் இணைக்க வேண்டும்.

ஐம்பதுதானே என்று சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரை எடுத்தேன். எடுத்தபிறகுதான் உறைத்தது.

எங்கள் ரிஜிஸ்டரில் 'பிரசவம் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. 2009இல் நான் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் சொல்லிவிட்டார், "அதுல என் பேர எழுதிரும்மா. பாலிசி என் பேர்லதான் இருக்கு. நான் பாத்தாத்தான் செல்லும்" என்று. அன்றிலிருந்து அப்படித்தான். அவர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் குழந்தையை எடுப்பேன், கையைக் கழுவிவிட்டு வந்து அவர் பெயரை எழுதுவேன். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். நான் மட்டுமல்ல, இந்த மலையில் எல்லா ஆஸ்பத்திரி நர்ஸும் செய்வதுதான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

எண்ணினேன். பதினாறு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு குழந்தைகள். அத்தனையும் என் கையெழுத்தில், அவர் பெயரில். என் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை. சர்ச்சில் போதகர் ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கொழுந்து பறிக்கும் முத்துப்பேச்சி தன் நான்கு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மீன் வாங்க வேண்டியிருந்ததால் நான் கீழ்ரோடு வழியாக வந்துவிட்டேன். லெந்து நோன்பு நாளில் நம் வீட்டில் ஏது மீன் என்று இவர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

மார்ச் 12, புதன்

கீழே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதியாக இளைத்துவிட்டார். மகள் ஓட்ஸ் கஞ்சி கொடுத்துக் கொல்கிறாள் என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கம்பெனிக்காரரிடம் நான் ஏற்கெனவே பேசியிருந்தேன். ரிஜிஸ்டரில் இருப்பதில் பெரும்பாலானவை நர்ஸ் பியூலா, அதாவது நான், பார்த்த பிரசவங்கள் என்று டாக்டர் ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம் என்றிருந்தார்கள். அதைத்தான் கேட்டேன்.

டாக்டர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"முத்துப்பேச்சி கேஸ் இருபத்தாறாம் தேதி வருது, தெரியும்ல?"

தெரியும். நான்கு வருடமாக நுகர்வோர் ஆணையத்தில் கிடக்கும் கேஸ். அவளுடைய பையன் தர்ஷன் பிறந்தபோது கீழே அனுப்பத் தாமதமானதால் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல், இன்றைக்கும் கழுத்து நிற்கவில்லை, பேச்சில்லை. டாக்டர் மேல்தான் கேஸ்.

"நான் தப்ப ஒத்துக்கிட்டேன். கம்பெனி நஷ்டஈடு குடுத்துரும். பையனோட வைத்தியத்துக்கு ஆயுசுக்கும் ஆகும். ஆனா நானே இருந்து பாத்தேங்கிறதுதான் பாலிசிக்கு அடிப்படை. இப்ப போய் ரிஜிஸ்டர்ல இருக்கது பொய்னு நானே எழுதிக் குடுத்தா அவன் குடுப்பானா?"

"அந்த ஒண்ண விட்டுட்டு மத்ததுக்குக் குடுங்க சார்."

"ஒரு பக்கம் பொய்னா நோட்டே பொய்தாம்மா. ரெண்டும் ஒரே கம்பெனி. அன்னைக்கு நீயும் சாட்சி சொல்லணும்னு நோட்டீஸ் வரும். நான் நல்லவன்னு சொல்ல வரல. எங்கிட்ட அவளுக்குக் குடுக்கப் பணம் இல்ல. இந்த வீடுகூட மாப்பிள்ளை வீடு."

ஓட்ஸ் கஞ்சி எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

தலைவலி.

மார்ச் 15, சனி

முத்துப்பேச்சி வீட்டுக்கே வந்துவிட்டாள். கொழுந்து பறித்த கறை கையில் அப்படியே இருந்தது. பையனைப் பாயில் கிடத்தினாள். நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள், போட்டு முடிக்க நேரம் எடுத்துக்கொண்டேன்.

"சிஸ்டர், வக்கீல் சொல்லி அனுப்புனாரு" என்றாள். "அன்னைக்குக் காலையிலேருந்து டாக்டர் ஆஸ்பத்திரிலதான் இருந்தாருன்னு சொன்னாத்தான் பணம் வருமாம். இல்லன்னு தெரிஞ்சா கம்பெனி கைவிரிச்சிருமாம். நான் அப்படியே சொல்லிருவேன். நீங்களும் சொல்லிருவீங்கள்ல?"

"டாக்டர் அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்னு ஒனக்குத் தெரியுமே பேச்சி."

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

பையன் அவள் பேசும் பக்கம் கண்ணைத் திருப்பினான். நான்கு வயதுக்கு ஒன்பது கிலோகூட இருக்க மாட்டான். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தால் உட்காரவாவது வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். வேலையை விட்டு அங்கேயே தங்க வேண்டுமாம். பணம் வந்தால் போய்விடுவாள்.

"நெஞ்சுக்குள்ளயே வச்சித் தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போச்சு சிஸ்டர். எனக்கப்புறம் இவன யாரு தூக்குவா?"

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமாம்! என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன?

மார்ச் 17, திங்கள்

கம்பெனிக்காரர் போனில் வந்தார். சின்ன வயதுக் குரல், தங்கமான பையன். என்மீது ஏதாவது கேஸ் வரக்கூடும் என்றால் பாலிசி கிடைக்குமா என்று சும்மா பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

"ஒரு கேஸ் இருந்தா பரவால்ல மேடம், பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அனுபவமே இல்லன்னாத்தான் குடுக்க மாட்டோம்."

ஆக, ஆணையத்தில் உண்மையைச் சொன்னால், அதுவே நான் பிரசவம் பார்த்ததற்கு அத்தாட்சியாகி, எனக்கு அறை கிடைக்கும்.

மத்தியானம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மூன்றாம் பாடி லைனிலிருந்து ஒரு பெண் முதல் வலியோடு வந்தாள். பத்தொன்பது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்களே பாருங்கக்கா, எங்கம்மாவுக்கு என் தம்பிய நீங்கதானே பாத்தீங்க" என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜீப்பில் ஏற்றினேன். சாயங்காலம் போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 19, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு வருடமாக 'டாக்டருடைய கேஸ்' என்றே சொல்லிச் சொல்லி எனக்கே அது அவருடையதாகிவிட்டது.

அது தை மாத ஞாயிறு. டாக்டர் அவருடைய அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் கீழே போயிருந்தார். முத்துப்பேச்சி காலை எட்டு மணிக்கு வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பதினொன்று பத்துக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கியது. நான் தொட்டே சொல்லிவிடுவேன், இது இங்கே நிற்காது, உடனே இறக்க வேண்டும் என்று. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. டிரைவர் வண்டியிலேயே இருந்தார்.

ரெஃபரல் சீட்டில் 'அனுப்பும் மருத்துவர்' என்று கையெழுத்து வேண்டும். டாக்டருக்குப் போன் செய்தேன். "மலை ஏறிட்டேன், நாப்பது நிமிஷம். நான் வர்ற வரைக்கும் அனுப்பாத. என் கையெழுத்து இல்லாம கீழ போனா டாக்டர் இல்லாம பாத்தீங்களான்னு முதல் கேள்வி கேப்பான். ரெண்டு பேரும் மாட்டுவோம்" என்றார். சரி சார் என்றேன்.

காத்திருந்தேன். முத்துப்பேச்சியிடம், டாக்டர் வந்து பார்த்தபின் போகலாம் என்றேன். பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். பட்டு வேட்டியோடு, காரிலிருந்து இறங்காமலேயே, சீட்டை வாங்கி ஸ்டியரிங்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உடனே கிளம்பினோம். ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரம் இருக்கும்போது, இருபதாவது வளைவில், வண்டியில், என் கையில் பிறந்தான். அழவில்லை. ஊதி ஊதி, பதினோரு நிமிடம் கழித்து மூச்சு வந்தது.

நாற்பது நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் ஆஸ்பத்திரிக்குள் இருந்திருப்போம். இந்தக் கணக்குக்கு ஒரு நர்ஸ் தேவையில்லை.

எனக்கென்று ஒரு பாலிசி அன்றைக்கு இருந்திருந்தால் யாரையும் கேட்காமல் அனுப்பியிருப்பேன். சத்தியமாக. ஆனால் அது இல்லாமலும் அனுப்பியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

இவரிடம் முழுதும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏன்ட்டி, நாலு வருசமா எங்கிட்டக்கூடச் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். கூட இருந்திருப்பேன்."

பிறகு சண்டை வந்தது. இவர் உண்மையைச் சொல் என்கிறார். "ஊருல பாதிப் பேரு ஒன் கையில பெறந்தவன். காயிதத்துல நீ யாரு? ஒருத்தியுமில்ல. அறைய மூடிட்டா அடுத்த புள்ளையும் ரோட்டுலதான் பெறக்கும். அத யோசிச்சியா?" யோசிக்காமலா? யோசித்து யோசித்துத்தான் தலை முடி கொட்டுகிறது. அந்த அறையில் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு இன்னும் முகமில்லை. பாயில் கிடந்தவனுக்கு முகம் இருக்கிறது. அதைச் சொன்னேன். இவர் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். ரசம் ஆறிப்போயிருந்தது, சுடவைத்து ஊற்றினேன்.

மார்ச் 24, திங்கள்

காய்ச்சிய பால் திரிந்தது. நல்ல சேலை ஒன்றை இஸ்திரி போட்டேன்.

மார்ச் 26, புதன்

ஆணையத்தில் என்னைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. கம்பெனி வக்கீல் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அதட்டவில்லை, மிரட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்குப் பதினொன்னு பத்துக்கு டாக்டர் ஆஸ்பத்திரில இருந்தாரா?"

"இருந்தார்."

"கல்யாணத்துக்குப் போயிருந்ததா ஒரு தகவல் இருக்கே."

"முகூர்த்தம் விடியக்காலைல மேடம். ஏழு மணிக்கே வந்துட்டார்."

"உடனே அனுப்பணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"டாக்டர் முடிவு அது. நான் நர்ஸ்தானே."

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். சந்தேகம் இருந்தது அவருக்கு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீங்க தனிப் பயிற்சி எடுத்தவங்க. பதினாறு வருஷ அனுபவம். டாக்டர் இல்லாம, தனியா, எத்தனை பிரசவம் பாத்திருப்பீங்க?"

முத்துப்பேச்சி எதிர் பெஞ்சில் பையனோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்தத் தாளின் நகல் கம்பெனிக்குப் போகும். என் விண்ணப்பம் இனி குப்பைக்குத்தான்.

மூன்று மணிக்குச் சமரசம் ஆயிற்று. முத்துப்பேச்சியின் வக்கீல் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

மலைக்கு ஐந்து மணி பஸ். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நாற்பது நிமிடம் எதற்காக என்று அவளுக்குத் தெரியாது அல்லவா? இனிமேல் சொன்னால் பணத்துக்குப் பங்கமில்லை. ஆனால் எப்படி ஆரம்பிப்பது? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"சிஸ்டர், நீங்க போன்ல பேசுனது அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு."

நான் திரும்பவில்லை.

"'சீட்டுல நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிரட்டுமா சார்'னு கேட்டீங்க. அவரு வேணாம்னுட்டாரு போல. 'சரி சார்'னு வச்சிட்டீங்க. வலியில கத்திக்கிட்டுத்தான் கெடந்தேன், ஆனா கேட்டுச்சு."

"பேச்சி..."

"நாலு வருசமா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க வரல. இப்ப கேஸ் முடிஞ்சிருச்சு, அதான் கேக்கேன்." பையன் வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். "ஒரு கையெழுத்துதானே சிஸ்டர். நீங்களே போட்டிருக்கலாம்ல?"

போட்டிருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பாலிசி, விதி, டாக்டர், வேலை என்று எத்தனை இருக்கிறது சொல்ல. நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் அவள் முன்னால் ஒன்றுமே இல்லாமல் போனது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவளும் அதைக் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கவில்லை. பஸ் வந்துவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மூவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. வளைவுகள் ஆரம்பித்தபோது பையன் நழுவி நழுவி விழப்பார்த்தான். அவள் இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலேயே, "கை மரத்துப்போச்சு. கொஞ்சம் புடிங்க" என்று அவனைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

அவன் பிறந்த அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவனைத் தொட்டேன். தலையை என் நெஞ்சில் சாய்த்து, கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். உடம்பு சூடாக இருந்தது. கண்ணை மூடித் தூங்கிப்போனான்.

நீலப்பாறை வரும்வரை அவள் அவனைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.